ரங்கூன் கடிதக் கட்டும் நாற்பதாயிரம் ரூபாயும்

கேள்வி: காரைக்குடி அருகே உள்ள எங்கள் பூர்வீக வீட்டைப் பங்காளிகள் பாகம் பிரித்துக்கொள்ளப் போகிறோம். அறைகளைக் காலி செய்தபோது, பர்மாவில் வட்டிக்கடை நடத்திய என் ஐயாவின் (தாத்தாவின்) டிரங்குப் பெட்டி கிடைத்தது. ரங்கூனிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் 1910 முதல் 1942 வரை வந்த சுமார் 200 கடிதங்கள், நான்கு பேரேடுகள், முத்திரைத்தாள் பத்திரங்கள், புரோநோட்டுகள், கல்யாண அழைப்புகள், ஜப்பான்காரர்கள் அச்சடித்த நோட்டுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. சில தாள்கள் தொட்டாலே உதிர்கின்றன. என் தம்பி நல்லெண்ணத்தில் ஒரு பத்திரத்தை லேமினேஷன் செய்துவிட்டான். பழம்பொருள் வியாபாரி ஒருவர் மொத்தத்துக்கும் 40,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா கடிதங்களைத் தமக்கு அனுப்பச் சொல்கிறார். இவற்றை எப்படிக் காப்பது? உண்மையான மதிப்பு என்ன? 88 வயதாகும் என் அப்பச்சியோ (அப்பாவோ), எதையும் தொடாதே என்கிறார்.

பதில்: அன்புடையீர், உங்கள் அப்பச்சி சொல்வதை ஒரு வாரத்துக்காவது கேளுங்கள். வியாபாரியிடம், யோசித்துச் சொல்கிறோம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். அவர் கேட்ட விலை நியாயமானதா என்பதைப் பெட்டியைப் பார்க்காத நான் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்கே முழுதாகத் தெரியாத இந்த நிலையில் விலை பேசுவது, நெல்லை அளக்காமலே களத்தை விற்பது போலத்தான். ஆவணக் காப்பகம் ஒன்றில் செப்பனிடும் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாளோடு பழகியவன் என்ற முறையில், கரையானும் மழையும் அழித்ததற்குச் சற்றும் குறையாமல், வீட்டார் அக்கறையோடு செய்த காரியங்கள் அழித்ததையும் பார்த்திருக்கிறேன். ஆகவே எதைச் செய்யக் கூடாது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

லேமினேஷன் இனி ஒரு தாளுக்குக்கூட வேண்டாம். கடையில் செய்யும் லேமினேஷனில், பிளாஸ்டிக் உறையின் உட்புறம் பூசியிருக்கும் பசை சூட்டில் உருகித் தாளின் நார்களுக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தாளையும் பிளாஸ்டிக்கையும் சேதமின்றிப் பிரிப்பது தேர்ந்த வல்லுநருக்கே பெரும்பாடு. பல வேளைகளில் முடியாமலே போகும். தாளுக்குள் ஏற்கெனவே இருக்கும் அமிலமும் அந்த உறைக்குள்ளேயே சிறைப்பட்டு, வெளியே பளபளப்பாகத் தெரியும் பத்திரத்தை உள்ளிருந்து பழுப்பாக்கிக்கொண்டே இருக்கும். உங்கள் தம்பி லேமினேஷன் செய்த பத்திரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். ஓரத்தைக் கிழித்துப் பார்ப்பது, இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றிப் பிரிக்க முயல்வது போன்ற சோதனைகள் வேண்டாம். அதை வெளிச்சமும் வெப்பமும் படாத இடத்தில் மற்றவற்றிலிருந்து தனியாக வைத்து, இரு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டுவதும் இதே வகைப் பிழைதான். அந்தப் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் கசிந்து தாளின் மறுபக்கத்துக்கு ஊறிவிடும். பிளாஸ்டிக் உரிந்து விழுந்த பிறகும் கறை நிற்கும். ஃபெவிகாலும் ஆகாது, ஏனெனில் காய்ந்தபின் அதை நீரால் மீண்டும் இளக்கி எடுப்பது எளிதன்று. செப்பனிடும் தொழிலில் நாங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றே: இன்று நாம் செய்வதை நாளை வேறொருவர் நீக்க முடிய வேண்டும். கிழிந்த தாளை ஜப்பானிய மெல்லிழைத் தாளும் மாவுப்பசையும் கொண்டு ஒட்டுவதும், நம் ஆவணக் காப்பகங்களில் நெடுங்காலமாக ஷிஃபான் துணி வைத்து மாவுப்பசையால் தாங்கு கொடுத்ததும் இந்த விதியை ஒட்டித்தான். ஈரம் காட்டினால் பசை இளகிவிடும்.

தாள் ஏன் உதிர்கிறது என்று தெரிந்தால் எதை முதலில் கவனிப்பது என்பதும் தெரியும். பழையது என்பதால்தான் உதிர்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் உங்கள் பெட்டியிலேயே 1910ஆம் ஆண்டுப் பேரேடு திடமாகவும், 1940ஆம் ஆண்டுக் கடிதம் அப்பளமாகவும் இருக்கக்கூடும். பழைய கந்தல் துணியை அரைத்துச் செய்த தாளில் நீண்ட பருத்தி இழைகள் இருந்தன. நல்ல கணக்குப் புத்தகங்களுக்கு அத்தகைய தாளையோ அதற்கு நிகரானதையோதான் விரும்பி வாங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு மரக்கூழ்த் தாள் பரவியது. மை ஊறிப் பரவாமல் இருக்கப் படிகாரமும் குங்கிலிய வகைப் பிசினும் கலக்கும் முறை 1807இல் ஜெர்மனியில் வெளியிடப்பட்டு ஆலைகளெங்கும் வழக்கத்துக்கு வந்திருந்தது. படிகாரம் ஈரக்காற்றில் அமிலமாக வேலை செய்து தாளின் இழைகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. மரக்கூழில் எஞ்சிய லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகிறது. ஆகையால் செய்தித்தாள் நறுக்கு, மலிவான அழைப்பிதழ், போர்க்காலத்துக் கடிதத்தாள் ஆகியவைதாம் முதலில் போகும். அவை தாம் மட்டும் போவதில்லை. அடுத்திருக்கும் நல்ல தாளுக்கும் அமிலத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். ஒரு கடிதத்துக்குள் மடித்து வைத்த செய்தித்தாள் நறுக்கு, அந்தக் கடிதத்தின் மேல் தன் அளவுக்கே பழுப்பு நிழலை விட்டிருப்பதை உங்கள் பெட்டியிலும் நீங்கள் பார்க்கக்கூடும்.

மையும் ஒரு காரணம். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய நாட்டு மையிலும், பிற்காலத்தில் புட்டியில் வந்த நீலக்கருப்பு மையிலும் இரும்பு உண்டு. அழுத்தி எழுதிய இடங்களில் அது தாளை மெல்ல அரித்து, எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழச் செய்யும். இப்படிப்பட்ட தாளில் ஈரம் பட்டால் இரும்பு பரவி எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வட்டம் கட்டும். ஊதா நிறத்தில் எழுதும் காப்பியிங் பென்சில் இன்னும் மோசம். ஒரு துளி நீரில் முழு வரியும் கரைந்து ஓடும். மடிப்பு விரியாத கடிதத்தை ஈரத்துணிமேல் வைத்து இளக்கும் முறை ஒன்று உண்டு. இணையத்தில் அதைப் பார்த்துவிட்டு எவரேனும் உங்களிடம் சொல்லலாம். உங்கள் கடிதங்களுக்கு அதை வீட்டில் செய்ய வேண்டாம். விரியாத கடிதம் விரியாமலே இருக்கட்டும். அதை ஒரு வல்லுநர் கைக்கு விடுங்கள்.

பெட்டியைத் திறக்கும் முறைக்கு வருகிறேன். உலர்ந்த நாள் ஒன்றில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, பெரிய மேசையில் வெள்ளைத் துணி விரித்து உட்காருங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் போதும். தொலைக்காட்சியில் காட்டும் வெள்ளைக் கையுறை தாளுக்கு உகந்ததன்று, விரல் நுனியின் உணர்வை மழுங்கடித்து உதிரும் ஓரத்தை அதுவே கிழித்துவிடும். எதையும் வெளியே எடுக்கும் முன் பெட்டியை மேலிருந்து படம் எடுங்கள். ஓர் அடுக்கு எடுத்ததும் மறுபடி எடுங்கள். எந்தக் கட்டில் எந்தக் கடிதம் இருந்தது, எந்தக் கயிற்றால் கட்டியிருந்தது, எந்தப் பேரேட்டுக்குள் எந்தச் சீட்டு செருகியிருந்தது என்பவை எல்லாம் உங்கள் ஐயா விட்டுப்போன வரிசை. தேதி வாரியாக அடுக்கினால் அழகாக இருக்குமே என்று தோன்றும். அந்த அடுக்கைப் பட்டியலில் செய்துகொள்ளலாம். தாள்கள் கிடந்த வரிசையிலேயே இருக்கட்டும்.

துருப்பிடித்த குண்டூசி தாளோடு ஒட்டியிராவிட்டால் மெதுவாக எடுத்துவிடுங்கள், ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். பூஞ்சை தெரியும் தாள்களைத் தனியே பிரித்து, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து, பூஞ்சை முழுதாக உலர்ந்த பின்னரே மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். வெயிலில் காயப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். பூச்சி போகும் என்பது உண்மையானாலும், கடும் வெயில் மையை வெளுக்கவும் தாளை முறுக்கவும் செய்யும். இராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் அந்துருண்டை தீர்வாகாது. அதன் நெடி உங்களுக்குக் கேடு, கரையானோ சுவர் வழியாக வந்து கீழிருந்து தின்னும். கட்டுகளுக்கு இடையே துணியில் முடிந்த வசம்பை வைக்கும் பழைய முறையால் தீங்கில்லை. ஆயினும் மாதம் ஒரு முறை திறந்து பார்ப்பதற்கு ஈடான பூச்சி மருந்தை நான் இதுவரை கண்டதில்லை.

நிலையாக வைக்கும் இடத்தைப் பொறுத்தவரை, காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. 65ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். உங்கள் பக்கத்து வறண்ட காற்று இதில் உங்களுக்குத் துணை. சென்னையிலுள்ள பங்காளி வீட்டுப் பரணுக்கு இவற்றை மாற்ற நினைத்தால் அந்தத் துணையை இழப்பீர்கள். குளிரூட்டியைப் பகலில் போட்டு இரவில் நிறுத்துவது, ஒன்றுமே போடாமல் இருப்பதைவிடக் கெடுதல், ஏனெனில் ஏறி இறங்கும் ஈரமே தாளை அதிகம் களைப்பிக்கிறது. மர அலமாரியைவிட வண்ணம் பூசிய இரும்பு அலமாரி மேல். அதை வெளிச்சுவரை ஒட்டாமலும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலும் வையுங்கள். அமிலமற்ற தாளில் செய்த உறைகள் இப்போது வாங்கக் கிடைக்கின்றன. கையில் கிடைக்கும் வரை, கஞ்சி போகப் பல முறை அலசி உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணியில் ஒவ்வொரு கட்டையும் சுற்றி வையுங்கள். ரப்பர் பட்டை மட்டும் வேண்டாம். மிக உதிரும் தாள்களைப் பாலியெஸ்டர் உறைக்குள் ஒட்டாமல் செருகி வைக்கலாம். இது லேமினேஷன் அன்று, எப்போது வேண்டுமானாலும் தாளை வெளியே எடுக்கலாம். எனினும் அமிலம் நீக்கிய பிறகு அப்படிச் செய்வதே சிறந்தது. அமிலம் நீக்குவது ஆய்வுக்கூட வேலை.

இனி மதிப்பு. பெட்டியில் இருப்பவை மூன்று வேறு தராசுகளில் நிறுக்க வேண்டியவை. வியாபாரி கொண்டு வந்திருப்பது அவற்றில் ஒன்றைத்தான்.

முதலில் சட்டத் தராசு. பாகம் பிரிக்கும் நேரமாதலால் இதுவே அவசரமானது. உங்கள் ஊர் வீட்டையும் நிலத்தையும் பற்றிய தாய்ப்பத்திரங்கள், பாகப்பத்திரங்கள், பட்டா நகல்கள் எவையேனும் பெட்டியில் இருந்தால் அவற்றை எந்தக் காரணத்துக்காகவும் விற்கும் கட்டில் சேர்க்காதீர்கள். உங்கள் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு பத்திரப்படுத்துங்கள். 30 ஆண்டு கடந்த ஆவணம் உரியவர் பொறுப்பிலிருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்தும் கையொப்பமும் அதில் சொல்லப்பட்டவருடையவையே என்று நீதிமன்றம் கொள்ளலாம் என 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஆம் பிரிவு கூறியது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் 92ஆம் பிரிவாக அது தொடர்கிறது. குடும்பப் பெட்டியில் இருந்த பத்திரம் வியாபாரி கைக்குப் போய்த் திரும்பினால், உரியவர் பொறுப்பு என்ற அந்தச் சங்கிலி அறுந்துவிடும். பதிவான பத்திரமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம்தான். ஆனாலும் மூலம் மூலமே. புரோநோட்டுகளின் கடன் காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆயின. சட்டப்படி அவை வெறும் தாள். பர்மா நிலப் பத்திரங்களும் அவ்வாறே. 1948 முதல் அங்கே நிலம் நாட்டுடைமை ஆயிற்று. அந்தப் பத்திரங்களை வைத்துப் பணம் பெற்றுத் தருகிறேன், முன்பணம் கொடுங்கள் என்று எவரேனும் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது சந்தைத் தராசு. இதில் பலருக்கும் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஜப்பானிய ஆக்கிரமிப்பு நோட்டுகள் வரிசை எண்கூட இல்லாமல் ஏராளமாக அச்சிடப்பட்டவை. பர்மாவுக்கானவற்றில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் குறியீடு இருக்கும். நூறு ரூபாய் நோட்டானாலும் சேகரிப்பாளரிடம் சிறு தொகையே பெறும். வீட்டில் எல்லோருக்கும் கண் அதன்மேல்தான் போகும். வியாபாரிக்கு அதன்மேல் இருக்காது. அவர் கண் பெரும்பாலும் உறைகளின் மேல் இருக்கும். 1937 ஏப்ரல் 1இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது, அதுவரை அங்கே வழங்கிய இந்திய அஞ்சல்தலைகளிலேயே பர்மா என்று மேலச்சிட்டுப் பயன்படுத்தினார்கள். 1938இல்தான் தனித் தலைகள் வந்தன. அவற்றோடு ஊர்முத்திரையும் தணிக்கை முத்திரையும் கூடிய முழு உறைக்குத்தான் கிராக்கி. தலையை மட்டும் நறுக்கி எடுத்தால் அந்த மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். உறையையும் உள்ளிருந்த கடிதத்தையும் பிரித்தாலோ, இரண்டுமே ஏழையாகும். உண்மையிலேயே விற்பதென்றால், மதிப்பிடுபவர் வாங்குபவராக இருக்கக் கூடாது. மதிப்பில் இத்தனை பங்கு என்று கேட்பவரைவிட, வேலைக்கு இவ்வளவு கட்டணம் என்று வாங்கிக்கொண்டு எழுத்தில் கொடுப்பவரை நம்பலாம். அப்படி இருவரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையை, ஒருவர் கொடுத்த விலையாக எண்ண வேண்டாம்.

சித்தப்பாவின் விருப்பத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டத்தின்படி, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படியோ பதிவேடோ 75 ஆண்டு கடந்ததென்றால் அது தொல்பொருள். தனியார் எவரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. உங்கள் கடிதங்கள் அனைத்தும் அந்த வயதைக் கடந்தவை. அவருக்கு நல்ல படிமங்களை, அதாவது ஸ்கேனரிலோ கேமராவிலோ எடுத்த படங்களை, அனுப்புங்கள். ஊருக்கு வரும்போது மூலத்தைப் பார்க்கட்டும்.

மூன்றாவது தராசு வரலாற்றுடையது. உங்கள் பெட்டி கனப்பது இதில்தான். 1930இல் நெல் விலை சரிந்தபோது பர்மாவின் விவசாயிகள் கடனைத் திருப்ப முடியாமல் நிலத்தை விட்டார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த, கடன் கொடுத்த செட்டியார்களின் நிலவுடைமை, 1937, 38 வாக்கில் 25 விழுக்காடானது. அரசாங்க அறிக்கைகள் தரும் இந்த எண்களை வரலாற்று நூல்கள் எல்லாம் சொல்கின்றன. ஆனால் ஒரு கடையின் மேலாள், வசூல் நின்றுபோன வாரத்தில் ஊரிலுள்ள முதலாளிக்கு என்ன எழுதினார், எந்த நிலத்தை எந்த மனநிலையில் எடுத்துக்கொண்டார்கள், சம்பளச் சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்ப முடியாத பெட்டியடிப் பையன் (கடையின் இளம் உதவியாள்) என்ன ஆனான் என்பதை உங்கள் கட்டுகளைப் போன்றவைதாம் சொல்லும். அதுவும் ஒற்றைக் கடிதம் சொல்லாது. கடிதத்தில் ஒருவர் பெயர் வரும். பேரேட்டில் அவர் பற்று நிற்கும். புரோநோட்டில் அவர் கைநாட்டு இருக்கும். மூன்றும் ஒரே பெட்டியில் இருந்தால்தான் அந்த மனிதர் துலங்குவார். வியாபாரி உறைகளை ஒருவருக்கும் பேரேட்டை இன்னொருவருக்கும் விற்ற பிறகு எந்த ஆய்வாளராலும் அவரை மீண்டும் ஒன்றுசேர்க்க இயலாது. இதே காரணத்தால், ஐந்து பங்காளிகளும் ஆளுக்கு நாற்பது கடிதம் என்று பிரித்துக்கொள்ளவும் வேண்டாம். படிமங்களை எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள். மூலம் ஒரே இடத்தில் இருக்கும் என்று பாகப்பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிக்கொள்ளலாம்.

கல்யாண அழைப்புகளை நீங்கள் சற்று அலட்சியமாகக் குறிப்பிட்டதாகத் தோன்றியது. உங்கள் பக்கத்துக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, மற்றவர்கள் எடைக்குப் போட்ட நூல்களையும் இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தவர். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு அந்தத் தொகுப்பு சென்னைக்கு வந்து, 1994இல் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமானது. இன்று தமிழ் அச்சின் வரலாற்றை எழுத முனைபவர் எவரும் அங்கே போகாமல் எழுத முடியாது. அத்தகைய நூலகத்துக்கோ, எழும்பூரில் 1909 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கோ உங்கள் தொகுப்பைக் கொடுப்பது பற்றிக் கலந்து பேசுங்கள். முழுவதும் கொடுக்க மனமில்லையென்றால், படிமம் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். கொடுக்கும்போது பட்டியலில் கையொப்பம் வாங்குவதும், குடும்பத்தாரின் அந்தரங்கம் உள்ள கடிதங்களுக்கு இத்தனை ஆண்டு வரை திறக்கக் கூடாது என்று நிபந்தனை இடுவதும் உங்கள் உரிமை.

படிமம் எடுப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. தாளை உருட்டி உள்ளிழுக்கும் ஸ்கேனர் மட்டும் கூடவே கூடாது. தட்டையான ஸ்கேனரில் 400 டிபிஐ அளவில் எடுக்கலாம். உதிரும் தாளைக் கவிழ்த்துப் போடாமல், வடக்குப் பார்த்த சன்னல் வெளிச்சத்தில் மேலிருந்து கேமராவால் எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம். உறையின் முன்பக்கம், பின்பக்கம், வெற்றுப் பக்கம் எல்லாவற்றையும் எடுங்கள். வெற்றுப் பக்கம் என்று நாம் நினைக்கும் இடத்தில்தான் வட்டிக்கணக்கு போட்டிருப்பார்கள். கோப்புகளைக் குறைந்தது மூன்று இடங்களில், அவற்றில் ஒன்றை வேறு ஊரில், வைத்திருங்கள்.

தேதிகளில் ஒரு சிக்கல் வரும். தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்புவதால், விசு என்று மட்டும் இருந்தால் அது 1881ஆகவும் இருக்கலாம், 1941ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் விக்டோரியா ராணியின் தலையா, ஆறாம் ஜார்ஜின் தலையா என்று பார்த்து முடிவுக்கு வாருங்கள். பசலி என்னும் வருவாய்க் கணக்கு ஆண்டு எழுதியிருந்தால் அதனோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிட்டும். விசு வருஷம் மார்கழி, தை, மாசி எனத் தேதியிட்டு ரங்கூனிலிருந்து வந்த கடிதங்கள் இருந்தால் அவற்றை முதலில் படிமம் எடுங்கள். ரங்கூன்மேல் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23இல். நகரம் வீழ்ந்தது 1942 மார்ச் 8இல். இடைப்பட்ட அந்தப் பதினொரு வாரங்களில் எழுதப்பட்டு, ஊர் வந்து சேர்ந்த தமிழ்க் கடிதம் ஒவ்வொன்றும் அரிது.

கணக்குகளில் தமிழ் எண்களும், மாகாணி, அரைக்கால், முந்திரி போன்ற பின்னக் குறிகளும் இருக்கும். மேலாட்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சுருக்கெழுத்துகளும் இருக்கும். அச்சுப் புத்தகத்தைப் பார்த்து எண்களைக் கற்றுக்கொள்ளலாம். ‘மேலத்தெரு ராம.’ என்று ஒரு கடிதத்தில் இருந்தால் அது எந்த வீட்டார், யாருடைய விலாசம் (கடைப்பெயராக வழங்கும் முதலெழுத்துகள்) என்பதை உங்கள் அப்பச்சியைத் தவிர வேறு எவரும் சொல்ல முடியாது. எதையும் தொடாதே என்று சொன்னவரை மேசையருகே உட்கார வைத்து, படிமங்களைக் கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டி, அவர் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். தினம் பத்துக் கடிதம் என்றாலும் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். வியாபாரி அதுவரை காத்திருப்பார். காத்திருக்கவில்லையென்றால் வேறொருவர் வருவார்.